கை தெரியக்கூடாது

கைக்குழந்தை ஒன்றைக் கடவுச்சீட்டுக்காகப் படம் பிடிப்பது, இலக்கிய ஏடொன்றிலே எழுதத்தக்க பொருளாகுமோ என்று நண்பர் சிலர் ஐயுறலாம். மனித வாழ்க்கையிலே அதிகாரம் எங்கெல்லாம் தலையிடுகின்றதோ அங்கெல்லாம் எழுத்தாளனுக்கும் ஆசிரியனுக்கும் அலுவல் உண்டு என்பதே எமது கருத்து. அது ஐந்து மாதக் குழந்தையின் முகத்திலே தலையிடும்பொழுது அவ்வலுவல் குறைந்துவிடுவதில்லை, கூடுகின்றது.

சென்ற பாடசாலை விடுமுறையிலே எனது தங்கையையும் அவளது மகளையும் அழைத்துக்கொண்டு நகரத்து ஸ்ரூடியோ ஒன்றுக்குச் சென்றேன். தங்கையின் கணவர் இங்கிலாந்திலே வேலை செய்கிறார். அவரிடம் போய்ச் சேருவதற்குத் தாய்க்கு ஒரு கடவுச்சீட்டும் மகளுக்கு ஒரு கடவுச்சீட்டும் வேண்டும். எமது நாட்டிலே இன்று கடவுச்சீட்டுக்குரிய படத்தை வீட்டிலே எடுத்துக்கொண்டு போக இயலாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவிலேயே எடுப்பித்தல் வேண்டும். படம் அங்கிருந்தே கணினி வழியாகத் திணைக்களத்துக்குச் செல்லும். எமது கைக்குக் கிடைப்பது ஒரு பற்றுச்சீட்டு மாத்திரமே.

தாயின் படம் சில நிமிடங்களிலே முடிந்தது. மகளின் படத்துக்கு இரண்டு நாட்கள் சென்றன. முதல் நாள் குழந்தை உறங்கிவிட்டது, எழுப்பியதும் அழுதது. மறுநாட் காலை, பால் குடித்துக் களிப்போடிருந்த வேளை பார்த்து மீண்டும் பஸ் ஏறினோம். கதிரை ஒன்றின்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன் பின்னே தங்கையை முழங்காலில் இருத்தி, துணியின் அடியால் அவளுடைய கை குழந்தையின் முதுகையும் பிடரியையும் தாங்கும்படி செய்தார் படப்பிடிப்பாளர். குழந்தை சிரித்தால் படம் உதவாது. வாய் திறந்தால் உதவாது. தாயின் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினால் உதவாது. ஐந்து மாதக் குழந்தை இம் மூன்றையுந் தவிர வேறு யாது செய்யும்? அவர் பொறுமைசாலி, கிலுக்கட்டியை ஆட்டினார், பூனைபோலக் கத்தினார். ஆயினும் ஒவ்வொரு முறையும் கமெராவைத் தாழ்த்திவிட்டு அவர் சொன்ன வார்த்தை ஒன்றே: "தங்கச்சி, கையை இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு எடுங்கோ. கை தெரியக்கூடாது."

அந்த மனிதர்மீது எனக்குக் கோபமில்லை. அவரும் எம்மைப்போல உழைத்துச் சீவிப்பவர். படம் திருப்பி அனுப்பப்பட்டால் நட்டமும் ஏச்சும் அவருக்கே. எனது கோபம் அவருடைய வாய்மூலம் பேசிய விதியின்மீது. குழந்தை தெரியவேண்டும், குழந்தையைத் தாங்கும் கை தெரியக்கூடாது. இந்த ஒரு விதியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். இது வெறுந் தொழில்நுட்ப விதியன்று. தாயையும் சேயையும் பற்றி அரசும் சட்டமும் கொண்டுள்ள நோக்கு முழுவதும் இதிலே சுருங்கிக் கிடக்கின்றது என்பதே என் வாதம்.

முதலிலே இவ்விதி பிறந்த கதையை நோக்குவோம். கடவுச்சீட்டிலே படம் ஒட்டும் வழக்கம் அநாதியானதன்று. முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கிடையே மக்கள் கடவுச்சீட்டின்றியே பயணஞ் செய்தனர். யுத்தம் வந்தது, ஒற்றர் பயம் வந்தது, அதனோடு படமும் வந்தது. பிரித்தானியா 1915ஆம் ஆண்டிலே கடவுச்சீட்டுக்குப் படத்தைக் கட்டாயமாக்கியது. அத்தொடக்க காலத்திலே தொப்பி அணிந்தவரின் படமும், மனைவி மக்களோடு கூடியிருப்பவரின் படமும் ஏற்கப்பட்டன. அன்று மனிதன் தன் உறவுகளோடு கடவுச்சீட்டுக்குள் இருக்க முடிந்தது. யுத்தம் முடிந்ததும் இக் கட்டுப்பாடுகள் நீங்கும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். 1920ஆம் ஆண்டிலே சர்வதேச சங்கத்தின் ஆதரவிலே பாரிசிற் கூடிய மாநாடு, கடவுச்சீட்டை ஒழிக்கவில்லை. அதற்கு ஒரே சீரான வடிவத்தை வகுத்துக் கொடுத்தது.

இரண்டாம் யுத்தத்தின் இறுதிக்கட்டத்திலே, 1944ஆம் ஆண்டிலே, சிக்காகோவிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின் வழியாகத் தோன்றியது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். மொன்றியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந் நிறுவனமே, இயந்திரம் வாசிக்கத்தக்க கடவுச்சீட்டுக்குரிய விதிகளை 1980ஆம் ஆண்டிலே முதன்முதலாக வெளியிட்டது. 2003ஆம் ஆண்டிலே, எல்லா நாடுகளுக்கும் பொதுவான உடலடையாளமாக முகத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந் நிறுவனமே. அதன் பின்னர் கடவுச்சீட்டிலுள்ள முகம் மனிதன் பார்ப்பதற்கு மட்டுமன்றி இயந்திரம் அளப்பதற்கும் உரியதாயிற்று. அளவுகோலின் முன்னே சிரிப்பு ஒரு பிழை. வாயை மூடு, நேரே பார், உணர்ச்சி காட்டாதே என்னும் கட்டளைகள் இறுகியது இதனாலேதான்.

வளர்ந்தவர்க்கு இது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு? பொருந்தாது என்பதை விதி செய்தோரே ஒப்புக்கொண்டுள்ளனர். பிரித்தானியாவிலே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை கமெராவை நேரே பார்க்கவேண்டியதில்லை. முகத்தை உணர்ச்சியின்றி வைத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் கண்கள் திறந்திருக்கவேண்டும் என்பதுமில்லை. ஐக்கிய அமெரிக்காவிலும் கைக்குழந்தையின் கண்கள் முற்றாகத் திறந்திருக்கவேண்டியதில்லை. வெள்ளை விரிப்பின்மேல் கிடத்திப் படம் எடுக்கலாம் என்று பெற்றோருக்கு வழிகாட்டுகின்றனர். கண்ணுக்குச் சலுகை உண்டு. வாய்க்குச் சலுகை உண்டு. பார்வைக்கும் சலுகை உண்டு. ஆயின் அதே பிரித்தானிய விதி, குழந்தையின் தலையைக் கையாலே தாங்கலாம் என்று கூறிவிட்டு, அக்கை படத்திலே தெரியக்கூடாது என்று உடனே முடிக்கின்றது. எல்லாம் தளர்ந்த இடத்திலும் இஃதொன்று மாத்திரம் தளரவில்லை.

இவ்வாறெல்லாம் பாடுபட்டு எடுக்கும் படத்தின் பயன் யாது? பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பதினாறு வயதுக்குட்பட்டோரின் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஐந்து மாதத்திலே எடுத்த படம், பாடசாலைக்குச் செல்லும் ஐந்து வயதுப் பிள்ளையின் கையிலே யாரை அடையாளங் காட்டப்போகின்றது? முகத்தை ஒப்பிடும் கணினி முறைகள் வளர்ந்தோரைவிடச் சிறு பிள்ளைகளிடத்தே மிகுதியாகத் தவறுகின்றன என்பது சோதனைகளிலே வெளிப்பட்ட உண்மை. இயந்திரத்துக்காக வகுத்த விதி இயந்திரத்துக்கும் உதவவில்லை.

தமிழ் படித்தவனுக்கு இவ்விடத்தே பிள்ளைத்தமிழ் நினைவுக்கு வருகின்றது. பாட்டியல் நூலார் குழந்தைப் பருவத்தைக் காப்பு, செங்கீரை, தால் எனத் தொடங்கிப் பத்தாக வகுத்தனர்; மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களிலே அவற்றைப் பாடவேண்டும் என்றனர். இரண்டு மாதத்துக்கொருமுறை குழந்தை வேறொரு குழந்தையாகின்றது என்னும் உண்மையை அவ்விலக்கணம் அறிந்திருந்தது. பிள்ளைத்தமிழ் பெரும்பாலும் தெய்வத்தையும் அரசரையும் குருமாரையும் பாடிற்றேயன்றி, கூலிக்காரியின் குழந்தையைப் பாடவில்லை என்பது நாம் மறக்கலாகாத குறை. எனினும் அதன் குரல் தாயின் குரல், செவிலியின் குரல். தாலாட்டுபவளும், வாவென்று அழைப்பவளும், நிலவைக் காட்டுபவளும் இல்லாமல் அங்கே குழந்தை இல்லை.

பழைய இலக்கணம் கிடக்கட்டும். எமது நாட்டு அரசாங்கமே இவ்வுண்மையை அறியாததன்று. பிரசவத்தின் பின்னர் வீடு தேடி வரும் மருத்துவமாது தரும் வளர்ச்சிப் பதிவேட்டைப் பாருங்கள். மாதந்தோறும் குழந்தையை நிறுத்து அதிலே புள்ளி இடுகின்றனர். புள்ளிகள் சேர்ந்து கோடாகி மேலேறுகின்றன. அக்கோடு ஏறாவிட்டால் தாயைக் கேட்கின்றனர்: பால் போதுமோ, நீ என்ன சாப்பிடுகிறாய் என்று. ஓர் அரச ஆவணத்திலே குழந்தை வளர்கின்றது, தாயோடு இருக்கின்றது. மற்றோர் அரச ஆவணத்திலே குழந்தை உறைந்து நிற்கின்றது, தன்னந்தனியாக. முன்னது குழந்தையைக் காப்பதற்கு எழுந்தது. பின்னது எல்லையைக் காப்பதற்கு எழுந்தது. வேறுபாட்டின் காரணம் இதுவே.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். குழந்தைக்குத் தனிக் கடவுச்சீட்டு இருப்பது குழந்தையின் நன்மைக்கே என்பர். ஒரு காலத்திலே பிள்ளைகளின் பெயர் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே எழுதப்பட்டது. பிரித்தானியா அவ்வழக்கத்தை 1998ஆம் ஆண்டிலே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளிலே 2012ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும் என்றாயிற்று. பிள்ளை கடத்தலைத் தடுப்பதும், பெற்றோருள் ஒருவர் மற்றவர் அறியாமற் பிள்ளையைக் கொண்டு செல்வதைத் தடுப்பதும் இதனால் எளிதாகும் என்பது அவர் வாதம். இதிலே நியாயம் உண்டு. தனி ஆவணத்தை நான் எதிர்க்கவில்லை. ஆயின் குழந்தையைக் காப்பது எது? பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் பெயர், அவர்களுடைய சம்மதக் கையொப்பம். இவையே காக்கின்றன. மூன்று மாதத்திலே மாறிவிடும் முகமன்று. சம்மதத்துக்குக் கை வேண்டும், பொறுப்புக்குக் கை வேண்டும், படத்திலே மாத்திரம் கை வேண்டாம் என்பது எந்த நியாயம்?

கை தெரிந்தால் இயந்திரம் மயங்கும் என்பது மற்றொரு வாதம். முகத்தின் எல்லையைக் கண்டுபிடித்து அளக்க வல்ல இயந்திரம், பிடரியைத் தாங்கும் நான்கு விரல்களைக் கண்டு மயங்குமாயின், திருத்தவேண்டியது இயந்திரத்தையே, தாயையன்று. உண்மைக் காரணம் வேறு. ஆவணத்திலே தோன்றுபவன் தனி ஒருவனாக, எவரிலும் தங்கியிராதவனாகத் தோன்றவேண்டும் என்பதே அவ்வுண்மை. சொத்துடைமைச் சமுதாயத்தின் சட்டம் மனிதனை என்றும் அவ்வாறே கற்பனை செய்து வந்துள்ளது: தனியே பிறந்து, தனியே உழைத்து, தனியே உடைமை கொள்ளும் ஒருவன். அக் கற்பனைக்கு உயிருள்ள மறுப்பு கைக்குழந்தை. பிறர் தாங்காவிட்டால் அதன் தலைகூட நிமிராது. ஆதலினாலேதான் தாங்குபவளை வெள்ளைத் துணியால் மூடவேண்டியதாகின்றது.

இம் மூடல் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே படம் பிடிப்பதற்குப் பல விநாடிகள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. குழந்தை அசையாதிருக்கும்பொருட்டுத் தாயை நாற்காலிபோல இருத்தி, தலைமுதல் கால்வரை துணியாற் போர்த்து, அவளது மடியிலே குழந்தையை வைத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் படமெடுத்தனர். அத்தகைய படங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. குழந்தையின் பின்னே தலையும் தோளும் கொண்ட ஒரு துணிமூட்டை இருக்கின்றது, அது தாய். இன்று கமெரா ஒரு விநாடியின் சிறு பின்னத்திலே படத்தைப் பிடித்துவிடுகின்றது. துணி மாத்திரம் இன்னும் விலகவில்லை.

எமது நாட்டின் சட்டங்களிலும் இத்துணியைக் காணலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இத்தீவிலே பிறந்ததனால் மாத்திரம் ஒருவரைப் பிரஜையாக ஏற்கவில்லை. தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தோட்டத்து லயத்திலே பிறப்புப் பத்திரத்தைக் கண்ணாற் கண்டிராத மக்களிடம் இதற்குச் சான்று கேட்டனர். மலையகத் தமிழர் இலட்சக்கணக்கிலே நாடற்றவராயினர். தாய் இங்கு பிறந்தவளா என்று சட்டம் கேட்கவே இல்லை. திருமணஞ் செய்த பெற்றோரின் குழந்தைக்குத் தாயின் பிரஜாவுரிமையால் யாதொரு பயனும் இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டிலே சட்டம் திருத்தப்பட்ட பின்னரே தாயின் வழியாகவும் குழந்தை பிரஜையாகலாம் என்றாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாயின் கை சட்டத்திலே தெரியவில்லை.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவராகக் கணக்கிடப்பட்ட 975,000 பேருள் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பது என்று இரு தலைவர்களும் உடன்பட்டனர். அதன் பின்னர் பிறக்கவிருந்த குழந்தைகள்? அவர்களுக்கு அவ்வொப்பந்தம் இட்ட பெயர் "இயற்கைப் பெருக்கம்". அன்று அரசுக்குக் குழந்தையின் முகமுந் தேவைப்படவில்லை, தொகை போதுமாயிருந்தது. இன்று முகம் தேவைப்படுகின்றது, தாங்குபவள் தேவைப்படவில்லை.

இக்காலத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டிலே அரசாங்கம் ஒரு சுற்றுநிருபத்தின் மூலம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்வதைத் தடுத்தது. குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் பெயரிலே அவளது குடும்பத்தை அதிகாரிகள் விசாரித்தனர். தந்தை வெளிநாடு செல்வதற்கு இத்தகைய தடை இருக்கவில்லை. தாய் போகாதிருக்கும்படி வீட்டிலே வருமானமும், ஊரிலே பிள்ளை பராமரிப்பு நிலையமும் ஏற்படுத்திக் கொடுத்தபின் இவ்விதியை இயற்றியிருந்தால் அதிலே நேர்மை இருந்திருக்கும். 2022ஆம் ஆண்டிலே பொருளாதாரம் விழுந்து, அந்நியச் செலாவணி வற்றியபொழுது, அதே ஆண்டு யூன் மாதத்திலே அவ்வயதெல்லையை இரண்டாகக் குறைத்தனர். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்று நேற்றுவரை சொன்னவர்களுக்கு, டொலர் தேவைப்பட்டதும் அப்பிள்ளை தாயின்றி வளரக்கூடியதாயிற்று. தாயின் கை எப்பொழுது தெரியவேண்டும், எப்பொழுது மறையவேண்டும் என்பதை நிர்ணயித்தது குழந்தையின் தேவையன்று, திறைசேரியின் தேவையே.

அடுத்த மாதம், 2022 யூலையிலே, பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு வரிசையிலே கணவனோடு இரண்டு நாட்களாகக் காத்திருந்த 26 வயதுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. அங்கே காவலிலிருந்த இராணுவத்தினர் உதவிக்கு வந்தனர். அவள் குழந்தையைப் பெற்றாள். பத்திரிகைகள் இதனை ஒரு புதினமாக வெளியிட்டன. புதினமன்று இது. நாட்டிலே வாழ வழியின்றி, நாட்டைவிட்டுப் போவதற்கும் வரிசையிலே நிற்கவேண்டியிருந்த உழைக்கும் மக்களின் நிலை அக்குழந்தையின் பிறப்பிலே வெளிப்பட்டது. அக்குழந்தைக்கும் ஒரு நாள் கடவுச்சீட்டு வேண்டுமானால், இரண்டு நாள் வரிசையிலே நின்றவளின் கையைத் துணிக்கடியிலே மறைக்கும்படி அவளிடமும் சொல்லுவார்கள்.

எம்மவருட் சிலர் இதையெல்லாம் கேட்டு நகைக்கலாம். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுப்பதை முதற்பல் முளைத்தது போன்ற பெருமையாகக் கொண்டாடும் நடுத்தர வர்க்கத்தினர் எமது கிராமங்களிலும் உளர். வெள்ளைத் துணியை எப்படி விரிப்பது, எந்த யன்னல் வெளிச்சத்திலே நிழல் விழாது, எந்த வேளையிலே பால் கொடுத்தால் குழந்தை விழித்திருக்கும் என்று ஒருவருக்கொருவர் உபாயஞ் சொல்லுவர். அவ்வுபாயங்கள் பயனுடையன, நானும் அவற்றைக் கேட்டே போனேன். துணியின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றவனும் நானே. ஆனால் விதியை நிறைவேற்றும் உபாயத்தை மாத்திரம் கற்று, விதி ஏன் என்று கேளாதிருப்பது அடிமைக்குணம். எமது மாணவருக்கு நாம் கற்பிக்கவேண்டியது அதுவன்று.

ஆதலால் நாம் கேட்பது இவை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் படத்துக்குரிய விதி தெளிவாக எழுதப்பட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு ஸ்ரூடியோவின் சுவரிலும் தொங்கவேண்டும். நான் சென்ற இடத்திலே அத்தகைய அறிவித்தல் எதுவும் இருக்கவில்லை. கண் மூடியிருக்கலாம், வாய் திறந்திருக்கலாம், தாங்கும் கை தெரியலாம் என்று அதிலே இருக்கவேண்டும். குழந்தையை மாதந்தோறும் நிறுக்கும் கிளினிக்கிலேயே, கட்டணமின்றி, இப்படத்தை எடுக்கும் ஒழுங்கு வேண்டும். மாறும் முகத்திலன்றி, பிறப்புப் பதிவிலும் தாய் தந்தையரின் பெயரிலும் சம்மதத்திலும் குழந்தையின் அடையாளம் நிலைபெற வேண்டும்.

இவை பெரிய புரட்சிகள் அல்ல. ஒரு சுற்றுநிருபத்தாற் செய்யக்கூடியவை. ஆயினும் கேளாமற் கிடைப்பன அல்ல. தங்கையின் மகளுடைய படம் ஈற்றிலே சரிவந்தது. படப்பிடிப்பாளர் கணினித் திரையிலே அதனை எமக்குக் காட்டினார். வாய் மூடி, கண் விழித்து, எவருமற்ற வெண்மையிலே குழந்தை தனியே இருந்தது. தங்கை எழுந்து, மரத்துப்போன கையை உதறிக்கொண்டு, "இதில நான் இல்லைத்தானே அண்ணா?" என்று கேட்டாள். கை தெரியவில்லையே என்பதை உறுதிசெய்யவே அவள் அவ்வாறு கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வேறு பொருளிலே கேட்கும்படி செய்வதே எமது பணி.